கோச்சை மாத்துனா தண்ணி வருமா?

2017 ஐ-லீக் சீசனின் நடுவில் சென்னை சிட்டி எஃப்சி தன் கோச்சை மாற்றியது. ராபின் சார்லஸ் ராஜா போனார், வி. சௌந்தரராஜன் வந்தார். தேசிய லீக்கில் அந்த கிளப்புக்கு அதுதான் முதல் வருஷம். மொத்தம் 10 அணிகள். எதிரே பெங்களூரு, மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று காசும் கூட்டமும் உள்ளவர்கள். நேரு ஸ்டேடியத்தில் நம்ம ஆட்களின் மேட்சுக்கு வந்தவர்களைவிடக் காலி நாற்காலிகள்தான் அதிகம். பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசியில் 8-ஆம் இடத்தில் முடித்தது.

கோச்சை மாற்றியதால்தான் இந்த அளவுக்காவது வந்தது என்று அப்போது நண்பர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் மாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதே சீசனை இரண்டு முறை ஆட முடியாதே. கால்பந்தில் இந்தக் கேள்வி எப்போதும் இப்படியே அந்தரத்தில் தொங்கும். அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு ஈடுபாடு.

கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. ஐரோப்பிய லீக்குகளில் கடைசி இரண்டு மூன்று இடங்களில் முடிக்கும் அணிகளை அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். ரெலிகேஷன். டிவி பணம் போகும், நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள், சில ஊர்களில் கிளப்பே போகும். எங்கள் பக்கத்து வார்த்தையில் சொன்னால் அவை கடைமடை அணிகள். ஆற்றில் தண்ணி குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். சீசன் பாதி தாண்டும்போது அந்த இடத்தில் நிற்கும் கிளப் முதலாளிக்குத் தூக்கம் வராது. 25 ஆட்டக்காரர்களை அவரால் ஒரே நாளில் மாற்ற முடியாது. மைதானத்தை, ரசிகர்களை, வங்கிக் கணக்கை மாற்ற முடியாது. கோச்சை மட்டும் ஒரு போன் காலில் மாற்றிவிடலாம்.

அதே 2017-ல், பிப்ரவரி 23 அன்று, இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி கிளாடியோ ரனியேரியை நீக்கியது. ஒன்பது மாதம் முன்புதான் அந்த மனுஷன் லெஸ்டரை பிரீமியர் லீக் சாம்பியன் ஆக்கியிருந்தார். பந்தயக்காரர்கள் 5000-க்கு 1 என்று விலை வைத்த அதிசயம் அது. நீக்கும்போது லெஸ்டர் ரெலிகேஷன் கோட்டுக்கு ஒரே ஒரு பாயிண்ட் மேலே இருந்தது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார். அடுத்த மேட்சில் லிவர்பூலை 3-1 என்று அடித்தார்கள். லீக்கில் வரிசையாக ஐந்து வெற்றி. 12-ஆம் இடத்தில் சீசன் முடிந்தது. பார்த்தீர்களா, மாற்றியது சரிதான் என்றார்கள்.

அந்த அக்டோபரில் லெஸ்டர் 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. ஷேக்ஸ்பியரையும் நீக்கினார்கள். எட்டு மாதம்கூட ஆகவில்லை.

*

இந்தச் செய்திகளை நான் சென்னையில் ஒரு மேன்ஷன் அறையில் போனில் படித்துக்கொண்டிருந்தேன். அதே வாரங்களில் ஊரில் அப்பாவுக்கு வேலை போயிருந்தது.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கல்லணைக் கால்வாயின் ஒரு கிளை வாய்க்கால் முடியும் இடத்தில் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-ல் வந்தது. காவிரி, வெண்ணாறு பாயும் பழைய டெல்டாவைப் போல இங்கே ஆயிரம் வருஷத்துப் பாசனம் கிடையாது. புது ஆற்றில் வந்தால் தண்ணி, இல்லாவிட்டால் போர். அப்பா, சென்னையில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்தின் இரண்டு வேலி நிலத்துக்குக் காரியம் பார்த்தார். இரண்டு வேலி என்றால் 40 மா, பதிமூன்று ஏக்கர் சொச்சம். விதை எடுப்பது, ஆள் பிடிப்பது, உரத்துக்கு சொசைட்டியில் நிற்பது, அறுவடை மிஷினுக்கு முன்பணம் கட்டுவது, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு ராத்திரி படுத்துக்கிடப்பது, கடைசியில் கணக்கு எழுதி முதலாளிக்கு அனுப்புவது. பத்தொன்பது வருஷம் அதைச் செய்தார்.

2016-ல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 20. வழக்கமான தேதி ஜூன் 12. அதனால் குறுவை இல்லை. சம்பாவுக்கு வந்த தண்ணியும் கடைமடைக்கு வருமுன் தீர்ந்தது. வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அரசு அறிவித்தது. அந்த மாதங்களில் டெல்டாவில் காய்ந்த பயிரைப் பார்த்து நின்ற இடத்தில் மாரடைப்பில் விழுந்தவர்கள் உண்டு, மருந்து குடித்தவர்களும் உண்டு. மார்ச்சில் நம் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்ததை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பக்கம் நல்ல வருஷத்தில் மாவுக்குப் பத்து மூட்டை, பன்னிரண்டு மூட்டை காணும். 60 கிலோ மூட்டை. அந்த வருஷம் அப்பா பார்த்த நிலத்தில் மாவுக்கு ரெண்டு. பாதி வயலில் அறுக்கிற கூலிக்குக்கூட மகசூல் தேறாது என்று மாட்டை விட்டு மேய்த்தார்கள். பொங்கல் முடிந்த வாரம் முதலாளியின் மகன் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணே, ரெண்டு மூணு வருஷமாவே சரியா வரலை. புதுசா ஒருத்தரைப் போட்டுப் பாக்கலாம்னு அப்பா நினைக்கிறார்." அவ்வளவுதான். கால்பந்து கிளப்புகள் விடும் அறிக்கையும் இதே அளவுதான் இருக்கும். சேவைக்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்து.

2017-ல் மேட்டூர் அக்டோபர் 2-ஆம் தேதிதான் திறந்தது. ஆனால் மழை ஓரளவு கைகொடுத்தது. புதிதாக வந்தவர் சம்பா வைத்தார். மாவுக்கு ஒன்பது மூட்டை கண்டது. ஊரில் ஒரே பேச்சு: "புது ஆளு கெட்டிக்காரன்யா. பழைய ஆளுக்கு வயசாயிட்டுது." கீற்றுக் கொட்டகை டீக்கடையில் அப்பா இருக்கும்போதே சொன்னார்கள். அப்பா டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். வீட்டில் அம்மாவிடம் ஒரு வார்த்தைதான் சொன்னாராம். "மழை பேஞ்சுது, அவன் வந்தான். ரெண்டும் ஒரே வருஷம்."

*

அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை எண்களாக வைத்து ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். பாஸ் டெர் வீல் என்ற நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர். 1986 முதல் 2004 வரை டச்சு முதல் டிவிஷனில் நடந்த கோச் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். அணி சறுக்குகிறது, கோச்சை நீக்குகிறார்கள், அடுத்த சில மேட்சுகளில் அணி எழுகிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது இதுதான். அவர் கூடுதலாகச் செய்தது ஒன்று. அதே அளவு சறுக்கி, ஆனால் கோச்சை மாற்றாமல் விட்ட அணிகளைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் அதே மாதிரி எழுந்திருந்தன.

இதில் மாயம் எதுவும் இல்லை. மாவுக்குச் சராசரி பத்து மூட்டை விளையும் நிலம் ஒரு வருஷம் ரெண்டு மூட்டை கண்டால், அடுத்த வருஷம் ரெண்டுக்கும் கீழே போவதைவிட மேலே வருவதற்கே வாய்ப்பு அதிகம். காரியக்காரர் அதே ஆளாக இருந்தாலும், வேறு ஆளாக இருந்தாலும், ஆளே இல்லாமல் முதலாளி நேரில் வந்து பார்த்தாலும். சராசரியான ஒரு வாரத்தில் யாரும் கோச்சை நீக்குவதில்லை. ஆறு தோல்வி வரிசையாக வந்த பிறகுதான் நீக்குகிறார்கள். ஆறு தோல்வியில் கொஞ்சம் திறமைக் குறைவு இருக்கும், கொஞ்சம் காயம், கொஞ்சம் போஸ்ட்டில் பட்டுத் திரும்பிய பந்து. இந்தக் கடைசி இரண்டும் எப்போதும் ஒரே பக்கமாக விழாது. அவை திரும்பும் நேரத்தில் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்கு மாலை.

2022-23 பிரீமியர் லீக் பட்டியலை எடுத்துப் பாருங்கள். கீழே இறங்கிய மூன்று அணிகள் சவுத்தாம்டன், லீட்ஸ், லெஸ்டர். மூன்றுமே நடுவில் கோச்சை மாற்றியவை. சவுத்தாம்டன் ஹாசன்ஹூட்டலை நீக்கி நேதன் ஜோன்ஸைக் கொண்டுவந்தது, மூன்று மாதத்தில் அவரையும் நீக்கியது. லீட்ஸ் மார்ஷ், கிராசியா என்று இரண்டு பேரை நீக்கிவிட்டுக் கடைசி நான்கு மேட்சுக்கு சாம் அலர்டைஸை அழைத்தது. நான்கில் கிடைத்தது ஒரு பாயிண்ட். இதை வைத்து மாற்றமே தப்பு என்று சொல்லவும் முடியாது. அதே சீசனில் எவர்டன், போர்ன்மவுத், உல்வ்ஸ், கிரிஸ்டல் பேலஸ் ஆகியவையும் மாற்றின, நான்கும் தப்பித்தன. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இன்னொரு வழியில் போனது. அக்டோபரில் வரிசையாக ஐந்து தோல்வி, பட்டியலில் கடைசி இடம், எல்லோரும் ஸ்டீவ் கூப்பர் காலி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, கிளப் அவருக்கு 2025 வரை புது ஒப்பந்தம் போட்டது. 16-ஆம் இடத்தில் முடித்துத் தப்பித்தார்கள். கூப்பரையும் அடுத்த வருஷம் டிசம்பரில் நீக்கினார்கள் என்பது வேறு கதை.

மாற்றியவன் தப்பிக்கிறான், மாற்றியவன் மூழ்கவும் செய்கிறான். மாற்றாதவனும் தப்பிக்கிறான். அப்புறம் எதை வைத்துத் தீர்ப்பு சொல்வது?

*

நம் நாட்டுக் கதை ஒன்று. 2017 ஐ-லீக்கில் கடைசியாக வந்து கீழே இறங்கிய அணி மும்பை எஃப்சி. பெரிய பட்ஜெட் கிடையாது, பெரிய பெயர்களும் கிடையாது. அந்த அணியை 2009 முதல் 2016 வரை பார்த்துக்கொண்டவர் காலித் ஜமீல். ஏழு வருஷமும் அழகாக ஆடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு வருஷமும் கீழே இறங்கவில்லை. கடைமடையில் ஏழு வருஷம் பயிரைக் காயாமல் வைத்திருந்தவர். 2016 சீசன் முடிந்ததும் அவர் வெளியே. சந்தோஷ் காஷ்யப் வந்தார். சீசன் பாதியில் அவரும் வெளியே, ஸ்பெயினின் ஆஸ்கர் புருஸோன் உள்ளே. அணி கீழே போனது. கிளப்பே மூடப்பட்டது.

காலித் ஜமீல் எங்கே போனார்? ஐசால். மிசோரம் அணி. 2016-ல் ரெலிகேட் ஆகி, கோவா கிளப்புகள் சில லீக்கை விட்டு விலகியதால் மட்டும் திரும்பச் சேர்க்கப்பட்ட அணி. தன் பழைய கிளப் மூழ்கிய அதே சீசனில் அவர் ஐசாலை சாம்பியன் ஆக்கினார். கடைசி நாளில் ஷில்லாங் லஜோங்கோடு 1-1 டிரா. மோகன் பகானைவிட ஒரே ஒரு பாயிண்ட் அதிகம். வடகிழக்கிலிருந்து ஐ-லீக்கை வென்ற முதல் அணி. 2025 ஆகஸ்டில் அவர் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

இதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஒருத்தரை வேண்டாம்னு அனுப்புனாங்கப்பா. அவரு வேற டீம்ல கப்பு அடிச்சிட்டாரு. அனுப்புன டீமு இழுத்து மூடிட்டான்." அப்பா சிரித்தார். பிறகு கேட்டார்: "அவரு அந்த டீம்ல இருந்திருந்தா மூடியிருக்க மாட்டானா?"

தெரியாதுப்பா என்றேன். வேறென்ன சொல்வது.

மாற்றம் நிஜமாகவே வேலை செய்த இடங்களும் உண்டு. சென்னையின் அணியே உதாரணம். 2017-18 ஐஎஸ்எல்லை வென்ற ஜான் கிரிகோரியை, அடுத்த சீசனில் 18 மேட்சுக்கு 9 பாயிண்ட் எடுத்துக் கடைசியாக வந்தபோதும் சென்னையின் எஃப்சி மாற்றவில்லை. ஐஎஸ்எல்லில் அப்போது கீழே தள்ளும் வழக்கம் இருக்கவில்லை என்பதால் பயமும் இல்லை. அதற்கடுத்த சீசனும் மோசமாகத் தொடங்கியது, 2019 நவம்பர் கடைசியில் கிரிகோரி போனார், ஓவன் கோய்ல் வந்தார். ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள். 2020 மார்ச்சில் ஃபைனல். கொரோனாவால் காலியாக இருந்த கோவா மைதானத்தில் ஏடிகேவிடம் 3-1 என்று தோற்றார்கள். அந்த சீசனைப் பார்த்த எவரும் கோய்ல் எதையும் மாற்றவில்லை என்று சொல்ல மாட்டார்கள். முன்பு பயந்து பயந்து ஆடிய கால்கள் அப்போது முன்னால் ஓடின. எல்லாமே சராசரிக்குத் திரும்புவதுதான் என்று புத்தகத்தைக் காட்டி இதை ஒதுக்கிவிட முடியாது.

ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவரை நீக்கியது அநியாயம் என்று நான் சொல்ல, அவர் நிறுத்தினார்.

"அவரு எடத்துல நான் இருந்தாலும் ஆளை மாத்தியிருப்பேன்டா. மெட்ராஸ்ல ஒக்காந்திருக்கிற மனுசன். கடன் நிக்குது. மேட்டூரைத் தொறன்னு சொல்ல முடியுமா, மேகத்தைக் கூப்புட முடியுமா? கையில இருந்தது நான் ஒருத்தன்தான். மாத்துனாரு. அது தப்பில்ல."

"அப்ப எதுதான்ப்பா தப்பு?"

"என்னால காஞ்சுதுன்னு சொன்னாங்க பாரு. அது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "அதைச் சொன்னதால என்ன ஆச்சு தெரியுமா? வாய்க்காலைப் பாக்காம விட்டுட்டாங்க."

எனக்கு அப்போதுதான் அந்தப் பக்கம் தெரிந்தது. கிளை வாய்க்கால் ஆறு வருஷமாகத் தூர் வாரப்படவில்லை. ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தது. மதகு ஒன்று உடைந்து, தண்ணி பக்கத்துக் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஒவ்வொரு வருஷமும் கணக்கோடு இதையும் எழுதி அனுப்பிவந்தார். சொந்தச் செலவிலாவது நம் நிலத்துக்கு நேரே உள்ள பகுதியை வெட்டிவிட வேண்டும் என்று. பழைய ஆளால்தான் காய்ந்தது என்று முடிவானதும் அந்தக் கடிதங்களுக்கும் மதிப்புப் போனது. மறுவருஷம் ஒன்பது மூட்டை கண்டதும் கேட்கவே வேண்டாம்.

2018-ல் மேட்டூர் நிரம்பியது. ஜூலை 19 அன்று திறந்தார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க் கடலில் விழுந்தது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் மதகுகள் ஒன்பது உடைந்து அடித்துக்கொண்டு போயின. அவ்வளவு தண்ணி. எங்கள் கடைமடைக்கு மட்டும் வரவில்லை. டிவியில் வெள்ளம், வயலில் வெடிப்பு. அப்புறம் நவம்பர் 16-ல் கஜா புயல் வந்து மிச்சத்தையும் முடித்தது. அடுத்த தையில் 'கெட்டிக்கார' ஆளையும் மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷம்தான். எனக்கு ஷேக்ஸ்பியர் ஞாபகம் வந்தது.

கிளப்புகளிலும் இதேதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கோச் போகும்போது அவரோடு சேர்த்துக் காரணத்தையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பின்னால் டிஃபென்ஸில் ஆள் இல்லை, பயிற்சி மைதானம் சரியில்லை, சம்பளம் தாமதமாகிறது என்று அவர் எழுதிக் கொடுத்ததெல்லாம், தோற்றவனின் சாக்கு என்று ஆகிவிடுகிறது. சென்னை சிட்டி அதன் பிறகு கோயம்புத்தூருக்குப் போனது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெட்ரோ மான்ஸியின் 21 கோல்களோடு, 2019 மார்ச் 9 அன்று மினெர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் அதில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2021-22 லீக்கில் அந்த அணியே இல்லை. நல்ல கோச், கப்பு, வெளிநாட்டுப் பங்கு எல்லாம் இருந்தும் ஒரு கிளப் காணாமல் போகலாம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் தலையில் அதைக் கட்டுவது எளிது. அதனால் அடுத்த கிளப்புக்குத் தெரியவேண்டியது எதுவும் தெரியாமல் போகும்.

நீக்கப்பட்ட பிறகு அப்பா அதே வாய்க்காலில் ஆறு மா குத்தகைக்கு எடுத்தார். வருஷாவருஷம் சித்திரையில் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு, தன் வயலுக்கு மேலே முடிந்த தூரம் தானே வெட்டிவிடுவார். 2020-ல், எட்டு வருஷம் கழித்து, மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தது. அந்தத் தண்ணி வரும் முன்பு ஒரு நாள் காலையில் மூன்றாவது காரியக்காரர் வீட்டுக்கு வந்தார். என் வயசுதான் இருக்கும். வாசலில் நின்று, "ஐயா, அந்தப் பழைய மதகுக்குக் கீழ தண்ணி எங்க போவுதுன்னே புரியல. ஒரு தடவ வந்து காட்டுறீங்களா?" என்றார்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஊரடங்கில் ஊரில் இருந்ததால் நானும் கூடப் போனேன். மதகைக் காட்டினார், குட்டையைக் காட்டினார், எந்த இடத்தில் எத்தனை முழம் வெட்ட வேண்டும் என்று மண்வெட்டியால் கோடு போட்டார். அந்த ஆள் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"இதை மொதலாளிக்கு அனுப்புங்க தம்பி. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்களே பாத்ததாச் சொல்லுங்க. அப்பதான் செய்வாரு."